நடக்கிறவங்களுக்கு மட்டும்

கடைத்தெரு முனையில் என் ஸ்கூட்டர் நின்றது. பெட்ரோல் இருந்தது. பிரேக்கில் கோளாறு இல்லை. முந்தின நாள் வரை வெறும் தரையாக இருந்த இடத்தில் இரும்புக் கம்பங்கள் வரிசையாக முளைத்திருந்தன. இடுப்பு உயரம், கறுப்புப் பெயிண்ட், தலையில் மஞ்சள் வளையம். பெயிண்ட் காயவில்லை. அந்த வாசனை, பக்கத்துக் கடையில் தம் பிரித்த பிரியாணி வாசனையைக்கூட அமுக்கிவிட்டது.

காக்கிச் சட்டை போட்ட காவல்காரர் ஒருவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"வண்டி உள்ள போவாதும்மா. இனிமே நடக்கிறவங்களுக்கு மட்டும்."

"நான் நடக்கிறதில்லையே" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் ஸ்கூட்டரின் பின்னால் இரண்டு பக்கமும் வைத்த கூடுதல் சக்கரங்களைப் பார்த்தார். அப்புறம் சீட்டுக்குப் பக்கத்தில் செருகியிருந்த ஊன்றுகோல்களை. விசிலைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டார். அவருக்குச் சொல்லிக்கொடுத்ததில் இந்தக் கேள்வி வரவில்லை போலிருக்கிறது.

இந்தத் தொடரை விடாமல் படிக்கிறவர்களுக்கு என் கால் பழக்கம். புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வரி: கைக்குழந்தையாக இருந்தபோது போலியோ வந்து இடது கால் விளங்காமல் போனது. ஊர், ஆம்பூருக்கும் வேலூருக்கும் நடுவில், தோல் ஷெட்டுகளும் ஷூ கம்பெனிகளும் சூழ்ந்த ஒன்று. பெயரை எழுத வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். வீட்டு வரியை இன்னும் அங்கேதான் கட்டுகிறோம். கடைத்தெருவின் நடுவில் எனக்கு ஒரு மேட்சிங் சென்டர் இருக்கிறது. ஜாக்கெட் துணி, லைனிங், ஃபால்ஸ், கொக்கி, நூல்.

நான் நகராததால் பின்னால் ஆரன் சத்தம் ஏறியது. நகராட்சி இன்ஜினியர் ஓடி வந்தார். சின்ன வயசு, வெளி மாவட்டம், கையில் டேப்.

"மேடம், இது மக்கள்கிட்ட திருப்பிக் கொடுத்த தெரு. வெளிநாட்டுல எல்லாம் இப்படித்தான்."

"அங்க நொண்டிங்களே கிடையாதா சார்?"

அவர் டேப்பைப் பார்த்தார். அப்புறம் அதைச் சுருட்டிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

வண்டியை ஜூஸ் கடை ஓரம் விட்டுவிட்டு, ஊன்றுகோல்களை அக்குளில் வைத்துக்கொண்டு இறங்கினேன். புதிதாகப் போட்ட பேவர் பிளாக் கற்கள் மினுமினு என்று இருந்தன. அழகாக இருந்தன, சந்தேகமில்லை. ஊன்றுகோலின் ரப்பர் நுனி அதில் நிற்கத்தான் மாட்டேன் என்றது.

கண்ணீருக்கு வேலையில்லை

பழைய கடைத்தெருவை நினைத்து நான் அழப்போகிறேன் என்று யாராவது எதிர்பார்த்தால், அந்த ஆசையை இப்போதே விட்டுவிடலாம். அது ஒரு கேவலமான தெரு.

பைக், லோடு ஆட்டோ, தோல் ஏற்றிய மினி லாரி, இவற்றுக்கு நடுவில் ஆடு. நடைபாதை என்று ஒன்று காகிதத்தில் இருந்தது. தரையில் அது சாக்கடைக்கு மேல் ஒவ்வொரு கடைக்காரரும் கட்டிக்கொண்ட படிக்கட்டாக மாறியிருந்தது. படிக்கட்டுக்கு முன்னால் சாமான். சாமானுக்கு முன்னால் கடைக்காரரின் பைக். அதற்கும் முன்னால் மிச்சமிருக்கிற இடத்தில்தான் ஜனங்கள்.

என் கடைக்கு நேரெதிரே பாத்திரக்கடை தனகோட்டி. வியாபாரிகள் சங்கத் தலைவர். அவர் கடையின் அலுமினிய அண்டாக்கள் கோபுரம் கோபுரமாகத் தெருவில்தான் குடியிருந்தன. "அண்ணா, ஒரு அண்டாவைத் தள்ளி வெச்சா என் வண்டி நிக்கும்ண்ணா" என்று கடை திறந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். "பார்த்துக்கலாம் ரெஜினாம்மா" என்பார். அவர் சொன்னபடியே பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அந்தத் தெருவில் நடக்க முடியாதவள் நான் ஒருத்திதான் என்று சின்ன வயசில் நினைத்திருந்தேன். அங்கே யாராலும் நடக்க முடியாது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அப்பா தோல் ஷெட்டில், தோலைச் சுண்ணாம்பில் ஊறவைக்கிற தொட்டியில் வேலை பார்த்தார். வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற நாட்களில் என்னைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்து, இந்தத் தெரு வழியாகத்தான் பஸ்ஸுக்குத் தள்ளிக்கொண்டு போவார். ஹேண்டில்பாரைப் பிடித்த அவர் கையில் சுண்ணாம்பு வாசனை சோப்புக்கும் போகாது.

ஆஸ்பத்திரியில் காலுக்கு இரும்புக் கம்பி வைத்த பூட்ஸ் எழுதிக் கொடுத்தார்கள். அப்பாவின் சிநேகிதர் ஒருவர் ஷூ கம்பெனியில் கட்டிங்கில் இருந்தார். ஏற்றுமதிக்கு ஆகாது என்று கழித்த கன்றுத்தோலில் அவர் எனக்கு பூட்ஸ் தைத்தார். அவ்வளவு மெத்தென்ற தோலை அதற்குப் பிறகு நான் தொட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் ரப்பர் செருப்பிலோ வெறுங்காலிலோ ஓடின. வெள்ளைக்காரன் போடுகிற தோலில் பூட்ஸ் போட்ட ஒருத்தி மட்டும் சுவர் ஓரம் உட்கார்ந்திருந்தாள். எங்கள் ஊர் எப்படிப்பட்டது என்று எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. யாரோ நடப்பதற்காக நாள் முழுக்க உழைக்கிற ஊர்.

சரி, தெருவுக்கு வருகிறேன்.

மாடியில் கருத்துக் கேட்டார்கள்

கம்பம் நடுவதற்கு முன்னால் மக்களிடம் கருத்துக் கேட்கவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. கேட்டார்கள். ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் வைத்துக் கேட்டார்கள். லிப்ட் கிடையாது.

நான் கீழே சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். என் கடையில் வேலை பார்க்கும் ஷாஹிதாவை மேலே அனுப்பினேன். ஷாஹிதா வீட்டில் உருது, கடையில் தமிழ். இரண்டிலும் மனசில் பட்டதை அப்படியே சொல்லிவிடுவாள். புருஷன் இல்லை. ஒரு மகளை நர்ஸிங் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

இறங்கி வந்தவளிடம் "இன்னா சொன்னாங்க?" என்றேன்.

"படம் காட்டுனாங்கக்கா. நம்ம தெரு மாதிரியே இல்ல. ரெண்டு பக்கமும் மரம். ஒரு வெள்ளைக்காரி நாயைப் புடிச்சிக்கினு போறா."

"நம்ம ஆளுங்க?"

"யாரும் இல்லக்கா. நம்ம கடை இருந்த எடத்துல ஒருத்தன் கிட்டார் வாசிக்கிறான்."

கூட்டத்தில் எல்லாரும் ஆதரவு தெரிவித்ததாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன். கீழே உட்கார்ந்திருந்த என் கருத்து சாம்பார் வாளிகளோடு போய்விட்டது.

திறப்பு விழாவுக்குப் பெரிய மனிதர் ஒருவர் வந்தார். நடப்பதற்கான தெருவைத் திறந்து வைக்க அவர் காரில் வந்தார். காரை உள்ளே விட, நட்ட கம்பங்களில் நடுவில் இருந்த இரண்டைப் பெயர்த்து எடுத்தார்கள். அவருக்குப் பின்னால் வந்த கார்களும் உள்ளே வந்தன. மேடையிலிருந்து பாத்திரக்கடை வரை நடந்தார். போட்டோ எடுத்தார்கள். அங்கேயே கார் வந்து நின்றது, ஏறிக்கொண்டார். கார்கள் போனதும் கம்பங்களைத் திரும்ப நட்டுச் சிமெண்ட் பூசினார்கள். என் கடை வாசலில் நின்று அதைப் பார்த்தபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை. வேடிக்கை பார்க்கக் காசு வாங்காதது பெரிய விஷயம் என்று தோன்றியது.

சங்கிலி போட்ட நாற்காலி

மழைக்காலம் வந்தது. ஒரு காலையில் தெருவில் பாதிகூடத் தாண்டவில்லை, ஊன்றுகோல் வழுக்கி முழு உடம்போடு விழுந்தேன். முழங்கை தோல் உரிந்தது. வலியைவிட, சுற்றி நின்ற முகங்கள் என்னைத் தூக்குவதற்கு முன்னால் ஒரு நொடி வேடிக்கை பார்த்ததுதான் இன்னும் எரிகிறது. ஷாஹிதா கடையிலிருந்து ஓடி வந்து என் இடுப்பைப் பிடித்துத் தூக்கினாள்.

"பார்க்கிறதுக்கு இன்னா இருக்கு இங்க? போங்க வேலையைப் பாத்துக்கினு" என்று கூட்டத்தைக் கலைத்தாள்.

இன்ஜினியருக்குச் செய்தி போனது. அவர் கெட்டவர் இல்லை. இரண்டே நாளில் தெரு முனையில் ஒரு சக்கர நாற்காலி வந்தது. அதன் முதுகில் திறப்பு விழாவுக்கு வந்த பெரிய மனிதரின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. யாரும் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது என்று அதைச் சங்கிலியால் கம்பத்தோடு கட்டிப் பூட்டியிருந்தார்கள். சாவி நகராட்சி ஆபீசில்.

"ஆபீஸ் எப்ப தொறப்பீங்க?"

"பத்து மணிக்கு மேடம்."

"நான் கடை தொறக்கிறது எட்டு மணிக்கு."

குறித்துக்கொண்டார். நாற்காலி அந்த மழையில் நனைந்து, அடுத்த வெயிலில் துருப்பிடித்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், சொல்ல எனக்கு இஷ்டமில்லை என்றாலும். அந்தத் தெரு நன்றாகத்தான் இருந்தது. கடைக்குள் வந்து சேர்ந்துவிட்டால், வெளியே சத்தமே இல்லை. "மயில் கழுத்துப் பச்சை" என்று வாடிக்கையாளர் மெதுவாகச் சொன்னாலும் கேட்டது. புடவையையும் துணியையும் எடுத்துக்கொண்டு தெரு நடுவில் வெளிச்சத்தில் நின்று நிறம் பார்த்தார்கள். முன்பெல்லாம் அப்படி நின்றிருந்தால் ஆளே இருந்திருக்க மாட்டார்கள்.

சாயங்காலங்களில் ஷூ கம்பெனி பஸ் முனையில் நிற்கும். இறங்குகிற பெண்கள் நேரே வீட்டுக்கு ஓடுவார்கள், அதுதான் எப்போதும் வழக்கம். இப்போது கொஞ்சம் பேர் தெருவில் புதிதாகப் போட்ட கல் பெஞ்சுகளில் உட்கார ஆரம்பித்தார்கள். விரல் நுனியில் பசை ஒட்டியிருக்கும், மடியில் டிபன் பாக்ஸ். சும்மா உட்கார்ந்திருப்பார்கள். ஷாஹிதாவும் கடை சாத்தும் முன் பர்தாவை ஒதுக்கிக்கொண்டு போய் அவர்கள் நடுவில் உட்காருவாள்.

"இந்த பஜார்ல பொறந்து வளந்தேன்க்கா. இங்க உக்காந்ததே இல்ல" என்றாள் ஒருநாள். ஆம்பிளைகளுக்கு டீக்கடை பெஞ்ச் எப்போதும் இருந்தது.

தனகோட்டி என்னைக் கண்டுபிடித்தார்

வியாபாரம் படுத்துவிட்டது என்று சங்கத்தில் புலம்பல் ஆரம்பித்தது. தனகோட்டி ஒருநாள் மத்தியானம் ரோஸ்மில்க் டம்ளரோடு தெருவைத் தாண்டி என் கடைக்கு வந்தார். இத்தனை வருஷத்தில் அவர் என் கடைக்குள் வந்தது அதுதான் முதல் தடவை.

"ரெஜினாம்மா, நீங்க படற கஷ்டத்தைப் பார்த்தா எனக்கு மனசு தாங்கலம்மா."

"எந்தக் கஷ்டம்ண்ணா?"

"விழுந்தீங்களே."

"விழுந்தப்ப நீங்க உங்க கடை வாசல்லதான் நின்னீங்க."

ரோஸ்மில்க்கைக் கவுண்டரில் வைத்தார். "பழசை விடும்மா. உங்களை முன்னாடி வெச்சிப் போராடுனா கம்பத்தை மொத்தமா எடுத்துடுவாங்க" என்றார்.

நான் சரி என்று சொல்லவில்லை. அது அவருக்குத் தேவைப்படவும் இல்லை. அடுத்த வாரம் தெரு முனையில் பேனர் தொங்கியது. நான் விழுந்த அன்று யாரோ செல்போனில் எடுத்த படம், அதில் நான் தரையில். "இந்தச் சகோதரியின் கண்ணீருக்குப் பதில் என்ன?" என்று கேட்டிருந்தார்கள். நான் அன்றைக்கு அழவே இல்லை. கண்ணுக்குக் கீழே இரண்டு துளிகளைக் கம்ப்யூட்டரில் போட்டிருந்தார்கள்.

என் வீட்டுக்காரர் அருள் அதைப் பார்த்துவிட்டு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். "கிழிச்சிப் போட்டு வரட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். எனக்கு வேறு யோசனை இருந்தது.

நகராட்சி ஆணையர் இரண்டு தரப்பையும் பேச அழைத்தார். இந்தத் தடவை கீழ்த்தளத்தில். சங்கத்தார் என்னைக் காரில் கூட்டிப்போய் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். கழுத்தில் மாலை போடாததுதான் பாக்கி.

தனகோட்டி அரைமணி நேரம் என் காலைப் பற்றிப் பேசினார். அப்புறம் ஆணையர் என்னைப் பார்த்து, "நீங்க சொல்லுங்கம்மா" என்றார்.

"சார், வண்டி இல்லாத தெரு நல்லாருக்கு. எடுத்துடாதீங்க" என்றேன்.

தனகோட்டியின் பேனா மேசையில் விழுந்தது எனக்குக் கேட்டது.

"எனக்கு வேண்டியது ரெண்டே. என் ஸ்கூட்டர் போற அளவுக்கு ஒரு கம்பத்தை எடுங்க. சாக்கடை மேல கட்டின படிக்கட்டையெல்லாம் இடிங்க. அதை இடிச்சாதான் என்னை மாதிரி ஆளு எந்தக் கடைக்குள்ளயும் போக முடியும்."

ஆணையர் சந்தோஷமாகத் தலையாட்டினார். கம்பத்துக்கு அங்கேயே உத்தரவு கொடுத்தார். படிக்கட்டை அப்புறம் பார்க்கலாம் என்றார். திரும்பி வரக் கார் இல்லை. சங்கத்துக் கார்கள் எல்லாம் போய்விட்டிருந்தன. அருள் வந்து கூட்டிப்போனார்.

அந்த இடைவெளி

கம்பத்தை எடுத்த அன்று காலை நான் ஸ்கூட்டரில் கடை வாசல் வரை போய் இறங்கினேன். மனசு நிறைந்திருந்தது. சாயங்காலத்துக்குள் அதே இடைவெளி வழியாக முதல் பைக் வந்தது. மறுநாள் பைக்குகள் வந்தன. அந்த வாரக் கடைசியில் ஓர் ஆட்டோ இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு உள்ளே நுழைந்தது. உள்ளே வந்ததும் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் கைதட்டினார்கள், ஏதோ மலையேறி விட்ட மாதிரி.

காவல்காரர் தடுத்தால் எல்லாருக்கும் ஒரே பதில். "அந்த மேட்சிங் சென்டரம்மாவ மட்டும் விடறீங்க?"

கம்பம் வந்ததும் கடைக்குள் போயிருந்த தனகோட்டியின் அண்டாக்கள் மெல்ல மெல்லத் திரும்பவும் தெருவுக்கு இறங்கின. என்னைப் பார்த்துச் சிரித்தார். "உங்க புண்ணியம் ரெஜினாம்மா" என்றார்.

கல் பெஞ்சுகளில் பைக்குகளைச் சாய்த்து வைத்தார்கள். கம்பெனிப் பெண்கள் பஸ்ஸை விட்டு இறங்கி, பழையபடி நேரே வீட்டுக்குப் போனார்கள்.

ஒருநாள் சாயங்காலம், ஷாஹிதா எதிர்வரிசையில் தள்ளியிருந்த மொத்த நூல் கடைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தாள். செல்போனைத் தோளில் இடுக்கிப் பேசிக்கொண்டு வந்த ஒருவன் அவளை இடித்துத் தள்ளி, கணுக்கால் மேல் பைக்கை ஏற்றிவிட்டான். நான் கவுண்டருக்குப் பின்னால் இருந்தேன். எலும்பு சத்தம் கேட்டதாக இன்றைக்கும் சொல்வேன், அவ்வளவு தூரத்தில் கேட்டிருக்காது என்று அருள் சொன்னாலும். நூல் கண்டுகள் தெரு முழுக்க உருண்டன. அவன் பைக்கை நிறுத்தி, "பாத்து வரக் கூடாதாம்மா?" என்று அவளையே கேட்டான்.

நான் ஊன்றுகோலை எடுத்து அவளிடம் போய்ச் சேர்வதற்குள் யார் யாரோ தூக்கி ஆட்டோவில் ஏற்றிவிட்டார்கள். அவள் விழுந்தால் நான் ஓட முடியாது. அன்றைக்கு எனக்கு இருந்த ஆத்திரத்தில் பாதி அந்த பைக்குக்காரன் மேல், மீதி என் கால் மேல்.

ஷாஹிதாவுக்கு முழங்கால் வரை மாவுக்கட்டு போட்டார்கள். நான் பார்க்கப் போனபோது மகள் தலைமாட்டில் இருந்தாள்.

"அக்கா, அந்தக் கம்பத்தை எடுத்ததாலதான் ஆச்சின்னு நெனச்சிக்கினு உக்காராதீங்க. கம்பமா இடிச்சிது? கம்னாட்டிப் பையன் இடிச்சான்" என்றாள் ஷாஹிதா.

டிசைனில் இல்லாதது

மறுநாள் காலை நகராட்சி ஆபீஸ் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி இன்ஜினியரைக் கீழே வரச் சொன்னேன். வந்தார்.

"கம்பத்தைத் திரும்பப் போடுங்க தம்பி."

"மேடம், நீங்கதானே எடுக்கச் சொன்னீங்க?"

"ஆமா. இப்ப நான்தான் போடச் சொல்றேன்."

"அப்ப நீங்க எப்படிப் போவீங்க?"

"அதை யோசிக்கத்தானே உங்களைப் படிக்க வெச்சாங்க."

அவர் என் ஸ்கூட்டரின் கூடுதல் சக்கரங்களைப் பார்த்தார். அப்புறம் தயங்கித் தயங்கி, "அந்த இடத்துல ஒரு சின்ன கேட் வெக்கலாம் மேடம். பூட்டு போட்டு, சாவி உங்ககிட்ட ஒண்ணு, ஆம்புலன்ஸுக்காக ஜூஸ் கடையில ஒண்ணு" என்றார்.

"இது மொதல்லயே தோணலியா?"

"டிசைன்ல இல்ல மேடம்" என்றார், உண்மையான வருத்தத்தோடு.

ஒரு தெருவையே பெயர்த்துப் போட்டவர்களுக்கு ஒரு கேட் தோன்றவில்லை. இதைக் கேட்டு நான் சிரித்தேனா, பல்லைக் கடித்தேனா என்று நினைவில்லை. இரண்டையும் செய்திருப்பேன். பஸ் ஸ்டாண்டு பின்னால் இருக்கிற வெல்டிங் பட்டறையில் ஒரே நாளில் செய்து கொடுத்துவிட்டார்கள். நான் ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே கை எட்டுகிற உயரத்தில் பூட்டு வைக்கச் சொன்னேன். அதை மட்டும் இன்ஜினியர் பக்கத்தில் நின்று அளந்து பார்த்தார்.

கேட் மாட்டிய முதல் நாளே சாவி கேட்டு ஆள் வர ஆரம்பித்தார்கள். ஒருவருக்கு ஃப்ரிட்ஜ் இறக்க வேண்டும். ஒருவருக்கு மாப்பிள்ளை வீட்டார் காரில் வருகிறார்கள், மரியாதை கெட்டுவிடும். வார்டு உறுப்பினரின் மச்சான் என்று ஒருவர் வந்தார், அவருக்குக் காரணமே தேவைப்படவில்லை. கடைசியாகத் தனகோட்டி, லோடு வண்டியை முனையில் நிறுத்திவிட்டு.

"அஞ்சே நிமிஷம் ரெஜினாம்மா. எறக்கிட்டுப் பூட்டிடறேன்."

"முடியாதுண்ணா."

"உங்களுக்காக நாங்க எவ்ளோ கத்தினோம். கொஞ்சம்கூட நன்றி இல்லியே உங்களுக்கு."

"இல்லண்ணா. சுத்தமா இல்ல" என்றேன்.

அவருடைய ஆட்கள் அண்டாக்களைத் தலையில் வைத்து முனையிலிருந்து கடை வரை நடந்தார்கள். சங்கத்தில் யாரும் இப்போது என்னிடம் பேசுவதில்லை. இதனால் எனக்கு ஏற்பட்ட நஷ்டத்தை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மாவுக்கட்டு பிரித்துச் சில வாரம் கழித்து ஷாஹிதா வேலைக்கு வந்தாள். கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன், முனையிலேயே அவளைப் பார்த்துவிட்டேன். லேசாக விந்தி விந்தி, ஓரமாக இல்லாமல், தெருவின் நட்ட நடுவில் வந்தாள். ஓரிடத்தில் நின்று முக்காட்டைச் சரிசெய்தாள். ஜூஸ் கடைக்காரர் ஏதோ கேட்க, நின்று பதில் சொன்னாள். அப்புறம் திரும்ப நடந்தாள். பின்னால் ஏதாவது வருகிறதா என்று அவ்வளவு தூரத்தில் ஒரு தடவைகூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைக்குள் வந்தாள். கவுண்டரைப் பார்த்தாள், அலமாரியைப் பார்த்தாள்.

"இன்னாக்கா, கடையை இந்தக் கதிக்குப் போட்டு வெச்சிருக்கீங்க" என்றாள்.